‘கோ’ என்று முடியும் பெயர்கள்

ஜப்பானியப் பெண்ணின் பெயர் என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் ‘கோ’ என்று முடியும் ஒரு பெயர்தான். ஹிரோஷிமாவின் கதையோடு சேர்த்துப் பள்ளி நாட்களிலேயே கேள்விப்பட்ட சடாகோ, தமிழிலும் பலர் விரும்பிப் படித்த ‘டோட்டோ-சான்’ நூலை எழுதிய குரோயனகி டெட்சுகோ, பாடகர் ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோ. மூவரும் 1933க்கும் 1943க்கும் இடையில் பிறந்தவர்கள். இதில் தற்செயல் குறைவு. அதற்கு நூறு ஆண்டுகள் முன்னால் ஜப்பானில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு ‘கோ’ என்று முடியும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். இன்று பிறக்கும் பெண் குழந்தைகளிலும் சிலருக்குத்தான் அந்தப் பெயர் அமைகிறது. ஆயிரம் ஆண்டுகள் அபூர்வமாக இருந்த ஒரு பெயர் முறை, ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் நாடு முழுக்கப் பரவி, மறுபடியும் அபூர்வமாகிவிட்டது. இத்தனை மாற்றத்திலும் அதன் பொருள் மட்டும் மாறவில்லை. ‘கோ’ என்று படிக்கப்படும் அந்தச் சீன எழுத்துக்குக் குழந்தை என்று பொருள். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். பெயர் வைக்க வழிகாட்டும் நூல்கள் ஒரு பெயரின் செல்வாக்கை அதன் பொருளைக் கொண்டே விளக்குகின்றன. ‘கோ’வின் வரலாற்றைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. ஒரு பெயரை எங்கே எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்பதுதான் அது அபூர்வமா பொதுவா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் ஒரு வியப்பான செய்தி. ‘கோ’ தொடக்கத்தில் பெண்களுக்கு உரியதாகவே இல்லை. 607இல் சீனத்தின் சுயி அரசவைக்கு ஜப்பானின் தூதராகச் சென்றவர் ஓனோ நோ இமோகோ. அவர் ஆண். அதே காலத்தில் ஜப்பானிய அரசியலையே கையில் வைத்திருந்த சோகா நோ உமாகோவும் ஆண். கன்ஃபூசியஸைச் சீனர்கள் ‘கொங்-ட்ஸு’ என்று அழைத்தபோது, மதிப்புக்குரிய ஆசானைக் குறிக்கப் பின்னால் சேர்த்த எழுத்தும் இதே எழுத்துதான். அப்படியானால் அந்நாளில் பெண்களின் பெயர்கள் எப்படி இருந்தன? நாரா நகரின் ஷோசோயின் கருவூலம் காத்துவைத்த ஆவணங்களில் 702ஆம் ஆண்டின் குடும்பப் பதிவேடுகள் சில மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் வரும் கிராமத்துப் பெண்களின் பெயர்கள் வரிசையாக ‘மே’ என்று முடிகின்றன. ‘கோ’வில் குழந்தை என்ற பொருளோ, மென்மையோ, பெண்மையோ இயல்பாக ஒட்டியிருந்தது உண்மையானால், இந்த ஏடுகளில் அது பெண்களின் பக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

அதைப் பெண்கள் பக்கம் திருப்பியது அரண்மனை. 809 முதல் 823 வரை ஆண்ட சகா பேரரசருக்கு ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். சீன முறைகளில் பெரும் பற்றுக் கொண்ட அவர், பிள்ளைகளின் பெயர்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். அரச குலத்திலேயே தங்கிய மகள்களின் பெயர்கள் ‘கோ’ என்று முடிந்தன. மினமோட்டோ என்ற குலப்பெயர் கொடுத்துக் குடிமக்களின் நிலைக்கு இறக்கிய மகள்களின் பெயர்கள் ‘ஹிமே’ என்று முடிந்தன. ஒரே தந்தை, ஒரே வீடு. இருந்தும் ஒரு மகள் இளவரசியா இல்லையா என்பதைப் பெயரின் கடைசி எழுத்தே சொல்லிவிடும். பிறகு ஃபுஜிவாரா போன்ற பெருங்குடும்பங்களும் அரண்மனைப் பணிக்குப் போன பெண்களும் இதே முறையை எடுத்துக்கொண்டார்கள். மொன்டொகு பேரரசரின் மனைவி பெயரை ‘அகிராகேய்கோ’ என்று படிக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் அந்தக் காலத்து அரசவைப் பெண்கள் பலரின் பெயர்களுக்கு எழுத்துகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன, உச்சரிப்பு எஞ்சவில்லை. அதனால்தான் வரலாற்று ஆசிரியர்கள் ‘தெய்ஷி’, ‘ஷோஷி’ என்று அந்த எழுத்துகளின் சீன ஒலியைக் கொண்டே அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். அந்த ‘ஷி’யும் ‘கோ’வும் ஒரே எழுத்துதான். இப்படிப் பெயர்களின் ஒலியே தொலைந்துபோனதற்குக் காரணம், அவை வாயால் கூப்பிட வைத்த பெயர்கள் அல்ல என்பதே. ஒரு பெண்ணுக்கு அரசவைப் பதவி கொடுக்கும் ஆணையில் எழுத ஒரு பெயர் வேண்டும். அதற்காக உண்டான பெயர்கள் அவை.

இதை ஐயமின்றிக் காட்டும் பெண் ஹோஜோ மசாகோ. காமகுராவின் முதல் ஷோகுன், அதாவது படை ஆட்சியாளர், மினமோட்டோ நோ யோரிட்டோமோவின் மனைவி, கணவர் போன பிறகு ஆட்சியையே தாங்கி நின்றவர், ஜப்பானின் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் பெயர். ஆனால் ‘மசாகோ’ என்பது அவருக்கு 1218இல்தான் வந்தது. அந்த ஆண்டு அரசவை அவருக்கு உயர்ந்த படிநிலை ஒன்றை அளித்தது. ஆணையில் எழுதுவதற்குப் பெயர் தேவைப்பட்டது. தந்தை டோகிமசாவின் பெயரிலிருந்து ‘மசா’ என்ற எழுத்தை எடுத்து, அதனோடு ‘கோ’வைச் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் 1199இலேயே இறந்துவிட்டார், தந்தை 1215இல் இறந்துவிட்டார். பெற்ற தந்தையும் கட்டிய கணவரும் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டிராத பெயரால்தான் எண்ணூறு ஆண்டுகளாக உலகம் அவரை அறிந்திருக்கிறது. அவருக்குச் சிறு வயதில் வைத்த பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.

நானூறு ஆண்டுகள் கழித்தும் இந்த வழக்கம் அப்படியே இருந்தது. இரண்டாம் டொகுகவா ஷோகுன் ஹிடெடாடாவின் மகளை 1620இல் கோ-மிசுனோ பேரரசருக்கு மணம் செய்து கொடுத்தார்கள். அவரை வீட்டில் மட்சுஹிமே என்று அழைத்திருக்கிறார்கள். அரண்மனைக்குப் போகும்போது ‘அமைதி’, ‘குழந்தை’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் அமைத்தார்கள். அதைக் ‘கசுகோ’ என்று படிப்பதே வழக்கம். ஆனால் நடுவில் வரும் அதிர்வொலி அரண்மனையின் காதுக்கு ஒவ்வாது என்பதால், அதே எழுத்துகளை ‘மசாகோ’ என்று படிக்கச் செய்தார்கள். இந்த இரண்டு எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இதே எழுத்துகள் தச்சர் வீட்டிலும் மீனவர் குடிசையிலும் எழுதப்படப் போகின்றன.

அந்த முந்நூறு ஆண்டுகளில் மற்ற பெண்களுக்கு என்ன பெயர் இருந்தது? இரண்டு அசைப் பெயர்கள்தான். ஹரு என்றால் வசந்தம், உமே என்றால் பிளம் மரம், கிக்கு என்றால் செவ்வந்தி, மட்சு என்றால் பைன், டோரா என்றால் புலி, கமே என்றால் ஆமை. இனிப் பிள்ளை போதும் என்று நினைத்த பெற்றோர் ‘டோமே’ என்று, அதாவது நிறுத்து என்று, பெயர் வைத்தார்கள். கூப்பிடும்போது முன்னால் ஒரு ‘ஓ’ சேர்த்து ‘ஓ-ஹரு’, ‘ஓ-கிக்கு’ என்பார்கள். எழுதினால் எளிய அசையெழுத்தில் எழுதுவார்கள், பல நேரம் எழுதவே தேவை இருக்காது. சாதாரணப் பெண்கள் ‘கோ’ வைத்துக்கொள்ளக் கூடாது என்று பொதுச் சட்டம் ஏதும் போட்டு அவர்களைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. அரசு ஆணையில் இடம்பெறாத பெண்ணுக்கு ஆணைக்கான பெயர் எதற்கு என்பதே உலக வழக்கமாக இருந்தது. பொருளைத் தேடி ‘கோ’வை நாடியிருந்தால் எந்தத் தாயும் நாடியிருக்கலாம். குழந்தையைக் குழந்தை என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

மெய்ஜி அரசு வந்ததும் நிலைமை மாறியது. 1870இல் சாதாரண மக்களும் குலப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1871இல் குடும்பப் பதிவுச் சட்டம், மறு ஆண்டு நாடு தழுவிய பதிவேடு, 1875இல் குலப்பெயர் கட்டாயம் என்று அடுத்தடுத்து வந்தன. வைத்த பெயரை நினைத்தபோது மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கும் 1872இல் தடை வந்தது. இதே ஆண்டில்தான் ஆணும் பெண்ணும் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற கல்வி ஆணையும் வந்தது. இதன் விளைவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உழவர் வீட்டுப் பெண்ணுக்கும் இப்போது அரசு ஏட்டில் ஒரு வரி உண்டு. பள்ளியின் வருகைப் பதிவில் ஒரு வரி, சான்றிதழில் ஒரு வரி உண்டு. பதவி பெற்ற பெண்களுக்கு மட்டும் இருந்த ‘எழுதப்படும் பெயர்’ என்ற தேவை, ஒரே தலைமுறையில் எல்லாப் பெண்களுக்கும் வந்துவிட்டது. எழுதப்படும் பெயருக்கு ஜப்பானிய வழக்கில் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு வடிவம் தயாராக இருந்தது. அதைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் எடுத்துக்கொண்டவர்கள் படித்த பெண்கள். சாமுராய் குடும்பத்தில் 1854இல் பிறந்த செக்கி, அரண்மனைப் பணிக்குப் போய், கவிதைத் திறத்துக்காகப் பேரரசியிடமிருந்தே ‘உடாகோ’ என்ற பெயரைப் பெற்றார். பெண் கல்விக்குப் பெரும்பணி செய்த ஷிமோடா உடாகோ அவர்தான். கவிஞர் யோசானோ அகிகோவுக்கு 1878இல் பெற்றோர் வைத்த பெயர் ஷோ. ‘அகிகோ’ அவர் எழுத்துலகில் சூடிக்கொண்ட பெயர். இவர்களில் ட்சுடா உமேகோவின் கதையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1864இல் ஈடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், பிறந்தபோது அவர் பெயர் வெறும் உமே. 1871இல் இவாகுரா தூதுக் குழுவோடு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஐந்து பெண்களில் வயதில் மிகச் சிறியவர், ஏழு வயதுகூட நிரம்பாதவர். பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே வளர்ந்து, தாய்மொழியையே ஏறக்குறைய மறந்து திரும்பினார். 1900இல் பெண்களுக்கான ஆங்கிலக் கல்லூரி ஒன்றை டோக்கியோவில் தொடங்கினார். கல்லூரி தொடங்கி இரண்டாண்டு கழித்து, 1902இல், குடும்பப் பதிவேட்டில் உமே என்ற பெயரை உமேகோ என்று மாற்றிக்கொண்டார். பிளம் மரம் என்ற பொருள் அப்படியே இருந்தது. கூடியது, ஒரு நிறுவனத்தின் தலைவியாகக் கையெழுத்திடும் பெண்ணுக்குரிய எழுத்து வடிவம். 2024 ஜூலையில் வெளிவந்த புதிய 5,000 யென் தாளில் இருப்பது இவருடைய முகம்தான்.

பிறகு அலை பெருகியது. ஜப்பானின் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று தன் காப்பீட்டாளர்களின் பெயர்களைப் பிறந்த ஆண்டுவாரியாக, 1912 தொடங்கித் தொகுத்திருக்கிறது. அது நாட்டின் முழுக் கணக்கு இல்லை என்றாலும் போக்கைக் காட்டப் போதும். 1912இல் பெண் பெயர்களில் முதலிடம் ‘சியோ’வுக்கு, பழைய பாணியே முன்னால் நின்றது. ஆனால் 1921 முதல் 1956 வரை முதல் பத்து இடங்களில் இருந்த பெண் பெயர்கள் அத்தனையும் ‘கோ’ என்று முடிந்தவை. 1926இன் கடைசி வாரத்தில் புதிய பேரரசரோடு ஷோவா என்ற ஆட்சிக்காலம் பிறந்ததும், 1927இல் ஆண் குழந்தைகளுக்கு ‘ஷோஜி’ என்றும், 1928இல் ‘ஷோசோ’ என்றும் பெயர்கள் குவிந்தன. ஷோவா இரண்டு, ஷோவா மூன்று என்று ஆண்டையே பிள்ளைக்குப் பெயராக்கினார்கள். ‘ஷோவா’வின் இரண்டாம் எழுத்து அமைதியைக் குறிக்கும் எழுத்து. அதைப் பெண்களுக்கு எடுத்து, பின்னால் ‘கோ’ சேர்த்தபோது கிடைத்தது கசுகோ. ஷோகுனின் மகளுக்கு அரண்மனை வாசலில் எழுதிய அதே இரண்டு எழுத்துகள். இப்போது அவை நீண்ட காலம் நாட்டின் பெண் பெயர்களில் முன்னணியில் நின்றன.

அந்த நாட்களில் ‘கோ’ எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதற்கு டோட்டோ-சானே சாட்சி. பிறக்கப்போவது ஆண் என்று நம்பிய பெற்றோர் ‘டோரு’ என்ற பெயரை முடிவு செய்து வைத்திருந்தார்கள். பிறந்ததோ பெண். தேர்ந்த எழுத்தை விட மனமில்லாமல், அதன் சீன ஒலியான ‘டெட்சு’வை எடுத்து, பின்னால் ‘கோ’வைச் சேர்த்தார்கள், பெண் பெயர் தயாராகிவிட்டது. இதைக் குரோயனகி அந்த நூலிலேயே சொல்கிறார். 1218இல் அரசவை ஆணையில் ஏறிய எழுத்து, 1933இல் எந்தப் பெயரையும் பெண் பெயராக்கும் விகுதியாக வீட்டுக் கூடத்தில் கிடந்தது. இதற்குள் அதன் பொருளை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் அரச குடும்பத்தைப் பார்த்து மக்கள் செய்த போலிதானே, பதிவேட்டையும் பள்ளியையும் ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். போலி செய்யும் ஆசை இருந்தது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரச குடும்பத்தில் ‘கோ’ ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆசை மட்டும் காரணம் என்றால் ஆயிரம் ஆண்டுகள் மக்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? மெய்ஜிப் பேரரசியின் பெயரே ஹருகோ. ஆனாலும் அவர் காலம் முழுக்க ஊர்ப்புறத்துப் பெண்கள் ஹருவாகவும் உமேயாகவும்தான் பிறந்துகொண்டிருந்தார்கள். அலை எழுந்தது, முதல் தலைமுறைப் பெண்கள் பள்ளியில் படித்து, எழுதக் கற்று, தாங்களே தாய்மார் ஆன பிறகு. ஆசைக்கு வழி திறந்தது ஏடும் எழுத்தறிவும்தான்.

இதற்கு இன்னொரு சான்று ஜப்பானுக்கு வெளியே, கொரியாவில் இருக்கிறது. ஜப்பானின் ஆட்சிக் காலத்தில் ‘எய்கோ’ என்பதன் எழுத்துகளைக் கொரிய ஒலியில் படித்தால் வரும் ‘யோங்-ஜா’, ‘ஜுன்கோ’வுக்கு இணையான ‘சுன்-ஜா’ போன்ற பெயர்கள் அங்கே பெருவாரியாகப் பரவின. 1930, 40களில் பிறந்த கொரியப் பாட்டிமார் பெயர்களில் இந்த ‘ஜா’வை இன்றும் கேட்கலாம். ஆட்சி போன பிறகு வந்த தலைமுறைகளில் அது கரைந்துவிட்டது. அங்கேயும் எழுத்தின் பொருள் குழந்தைதான். பெயரைக் கொண்டுவந்து பதிவேட்டில் சேர்த்த அதிகாரம் போனதும் பெயரும் போனது.

ஜப்பானிலும் அது போனது, ஆனால் மெதுவாக. 1960களின் நடுவில் ‘அகேமி’ போல ‘மி’ என்று முடியும் பெயர்கள் பட்டியலின் உச்சிக்கு வந்தன. 1980களின் நடுவில் முதல் பத்து இடங்களிலிருந்து ‘கோ’ மறைந்தது. இதற்குப் பலர் சொல்லும் காரணம், பெண்ணை என்றைக்கும் குழந்தை என்று குறிக்கும் பெயரைப் புதிய பெண்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்பது. கேட்க நியாயமாகப்படுகிறது, அப்படி நினைத்து ஒதுக்கியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஆண் பெயர்களைப் பாருங்கள். கசுவோ, யோஷியோ, யுகியோ என்று ‘ஓ’வில் முடிந்த பெயர்கள் ‘கோ’வோடு கூடவே வளர்ந்தன, ஏறக்குறைய கூடவே தேய்ந்தன. அந்த ‘ஓ’வை எழுதிய எழுத்துகளுக்கு ஆண், கணவன், வீரன் என்றுதான் பொருள். யாரையும் சிறுமைப்படுத்தும் பொருள் அவற்றில் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன என்றால் காரணமும் பொதுவானது. ஒரு வகுப்பில் மூன்று கெய்கோ, நான்கு யோகோ என்று ஆனபோது, வேறுபடுத்திக் காட்டும் வேலையை அந்த முடிவால் செய்ய முடியவில்லை. 1995இல் வந்த நூல் ஒன்று, ‘கோ’ என்று முடியும் பெயருள்ள சிறுமிகள் படிப்பில் சிறந்தவர்கள் என்ற கருத்தைத் தலைப்பிலேயே வைத்தது. அதை எழுத்தின் மந்திரம் என்று எடுத்துக்கொள்வது தவறு. அந்நாளில் ‘கோ’வை விடாமல் பிடித்திருந்த பெற்றோர் எப்படிப்பட்டவர்கள் என்பதே அங்கே பேசப்பட வேண்டியது. அந்தத் தலைப்பை எழுத முடிந்ததே, அந்தப் பெயர் அதற்குள் ஒரு சிறு கூட்டத்தின் அடையாளமாகிவிட்டதற்குச் சான்று.

இன்று ஜப்பானியப் பெற்றோர் அபூர்வத்தை வேறிடத்தில் தேடுகிறார்கள். பெயரில் எந்த எழுத்துகள் வரலாம் என்பதை 1948இலிருந்து சட்டம் வரையறுக்கிறது. பொதுப் பட்டியலில் 2,136 எழுத்துகள், பெயர்களுக்கென்று மேலும் 863. ஆனால் அந்த எழுத்தை எப்படிப் படிப்பது என்பதைப் பதிவேடு நெடுங்காலம் கேட்கவே இல்லை. அந்த இடைவெளியில்தான், எழுத்தைப் பார்த்தால் யாராலும் ஊகிக்க முடியாத உச்சரிப்புகள் பெருகின. ஆசிரியரும் செவிலியரும் பெயரைப் படிக்கத் தடுமாறும் நிலை வந்தது. 2025 மே 26 முதல் உச்சரிப்பையும் பதிவேட்டில் எழுத வேண்டும், அது அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் வாசிப்பாக இருக்க வேண்டும் என்று திருத்தச் சட்டம் சொல்கிறது. 1872இல் போலவே, ஜப்பானியப் பெயர்களின் அடுத்த கட்டமும் ஓர் ஏட்டின் புதிய பத்தியிலிருந்து தொடங்குகிறது.

‘கோ’ முற்றிலும் அழிந்துவிடவில்லை. ‘ரிகோ’ போன்ற பெயர்கள் இந்த நூற்றாண்டில் மீண்டும் விருப்பமாகியிருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தில் மட்டும் அது ஒருபோதும் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்ததில்லை. 2001இல் பேரரசர் நருஹிட்டோவுக்குப் பிறந்த மகளுக்கு, சீன அறிஞர் மென்சியஸின் நூலிலிருந்து எழுத்தெடுத்து ஐகோ என்று பெயரிட்டார்கள். அவர் தாய் மசாகோ, பாட்டி மிச்சிகோ, சித்தி கிகோ, சித்தி மகள் காகோ. பிறந்து வந்தவரானாலும் மணந்து வந்தவரானாலும், ஜப்பானிய அரச குடும்பத்தில் இன்று இருக்கும் பெண்கள் அத்தனை பேரின் பெயரும் ‘கோ’ என்றே முடிகிறது.